நியாயாதிபதிகளின் ஊர்கள்

அலபாமா ராஜ்யத்தின் தலைநகரமான மாண்ட்கமரியில் சமஷ்டி நீதிமன்றக் கட்டடமும் பழைய கிரேஹவுண்ட் பஸ் நிலையமும் அடுத்தடுத்து நிற்பது தற்செயலாக நேர்ந்த அமைப்புத்தான் என்றாலும், அந்த ஊரின் சரித்திரத்தைச் சிறிதேனும் அறிந்து போகிறவர்களுக்கு அது யாரோ யோசித்துச் செய்து வைத்த ஏற்பாடாகவே தோன்றும். 1961-ஆம் ஆண்டு மே மாதம், வெள்ளையரும் கறுப்பருமாக ஒரே பஸ்ஸில் வந்து இறங்கிய, சுதந்திரப் பிரயாணிகள் எனப்பட்ட இளைஞர்களை ஒரு கும்பல் தடிகளால் அடித்து வீழ்த்தியது அந்த நிலையத்தில். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, அதே ஊரின் நகர பஸ்களில் வெள்ளையருக்கு முன்பக்கம், கறுப்பருக்குப் பின்பக்கம் என்று வகுத்திருந்த சட்டம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது அடுத்த கட்டடத்தில். பஸ் நிலையம் இப்போது பொருட்காட்சிசாலையாகிவிட்டது. நீதிமன்றம் நீதிமன்றமாகவே இருக்கிறது; அந்தத் தீர்ப்பை அளித்தவர்களில் இளையவரான ஃபிராங்க் ஜான்ஸன் என்ற நியாயாதிபதியின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள்.

நான் தேடிப் போனது ஜான்ஸனை அல்ல. அவருக்குப் பக்கத்தில் அமர்ந்து அந்தத் தீர்ப்பை எழுதிய மூத்தவரான ரிச்சர்ட் ரீவ்ஸையும், அவர் அங்கம் வகித்த ஐந்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தையும். அந்த நீதிமன்றம் இன்னதென்று சொல்லாமல் மேலே போக முடியாது. நம் நாட்டில் முன்சீப் கோர்ட்டிலிருந்து சுப்ரீம் கோர்ட்டுவரை ஒரே வரிசைதான். அங்கே ராஜ்யங்களுக்கென்று ஒரு வரிசையும், சமஷ்டி அரசுக்கென்று மற்றொரு வரிசையும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இயங்குகின்றன. சமஷ்டி வரிசையில் கீழே ஜில்லா நீதிமன்றங்கள், உச்சியில் வாஷிங்டனிலுள்ள சுப்ரீம் கோர்ட்டு, இவற்றுக்கு நடுவே 1891-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஏற்பட்ட மேல்முறையீட்டு நீதிமன்றங்கள். பிரதேசவாரியாகப் பன்னிரண்டும் விஷயவாரியாக ஒன்றுமாக இன்று அவை பதின்மூன்று. ஜனாதிபதி நியமித்து, செனட் சபை சம்மதித்துவிட்டால், நன்னடத்தை உள்ளவரையில் நியாயாதிபதியின் பதவி ஆயுளுக்கும் நிலைக்கும். அவருடைய சம்பளத்தைக் குறைக்கவும் எவருக்கும் அதிகாரமில்லை. சுப்ரீம் கோர்ட்டு தனக்கு இஷ்டமான மிகச் சில வழக்குகளையே எடுத்துக்கொள்வதால், பெரும்பாலான வாதிகளுக்கும் பிரதிவாதிகளுக்கும் இந்த நடுப்படியில் கிடைப்பதுதான் கடைசி வார்த்தை. ஐந்தாவது சர்க்யூட் அக்காலத்தில் டெக்ஸாஸ், லூயிஸியானா, மிஸிஸிப்பி, அலபாமா, ஜார்ஜியா, ஃப்ளோரிடா ஆகிய ஆறு ராஜ்யங்களையும் தன்னுள் அடக்கியிருந்தது. அடிமை முறைக்காக ஒரு யுத்தமே நடத்தித் தோற்ற பூமி அது. அதன் நியாயாதிபதிகளும் அந்தப் பூமியில் வக்கீல் தொழில் செய்து பெயர் பெற்றவர்களே.

1954-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு பள்ளிக்கூடங்களில் இனப் பிரிவினை கூடாதென்று தீர்ப்பளித்து, மறு ஆண்டில், அதை எவ்வளவு வேகத்தில் நிறைவேற்றுவது என்ற கேள்விக்கு மட்டும் வழவழவென்று ஒரு விடையைச் சொல்லிவிட்டு, மிச்சத்தைக் கீழ்க் கோர்ட்டுகளின் தலையில் கட்டிவிட்டது. பஸ்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. வாகனங்களில் தனித்தனி இடம் ஒதுக்கலாம் என்று 1896-இல் அதே கோர்ட்டு சொன்ன பழைய தீர்ப்பு அப்படியே உயிரோடிருந்தது. இந்த நிலையில்தான், கிளாடெட் கோல்வின் என்ற பள்ளி மாணவியும் வேறு மூன்று பெண்மணிகளும் தொடுத்த பஸ் வழக்கு, 1956-ஆம் ஆண்டு மே மாதம் ரீவ்ஸும் ஜான்ஸனும் செய்போர்ன் லின் என்பவரும் அடங்கிய மூவர் மன்றத்தின் முன் வந்தது. மேல்கோர்ட்டு வெளிப்படையாக ரத்துச் செய்யாத தீர்ப்பைக் கீழ்க்கோர்ட்டார் ரத்தானதாகக் கருத முடியாது என்றார் லின். சம்பிரதாயப்படி பார்த்தால் அது நியாயமான ஆக்ஷேபணையே. ஆனால் பள்ளிக்கூடத்து வழக்கின் தர்க்கத்தை ஒப்புக்கொண்ட பிறகு வாகனங்களைப் பற்றிய பழைய தீர்ப்புக்கு நிற்பதற்குக் காலே இல்லை என்று மற்ற இருவரும் முடிவு செய்தார்கள். ஜூன் மாதம் தீர்ப்பு வெளியாயிற்று. நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அதை ஊர்ஜிதம் செய்தது. டிசம்பரில், ஓராண்டுக்கும் மேலாகப் பஸ்களைப் பகிஷ்கரித்து நடந்தே வேலைக்குப் போய்வந்த மக்கள் பஸ்ஸில் ஏறி இஷ்டப்பட்ட இடத்தில் உட்கார்ந்தார்கள்.

உலகம் அந்தப் பகிஷ்காரத்தை நினைவில் வைத்திருக்கிறது; அதில் வியப்பில்லை. ரீவ்ஸுக்கு நேர்ந்ததை மாண்ட்கமரிக்குப் போகிறவர்கள்கூட அதிகமாகக் கேள்விப்படுவதில்லை. 1895-இல் அவ்வூரிலேயே பிறந்து, சட்டக் கல்லூரிப் பட்டம் இல்லாமலே வக்கீலாகி, ஊரின் பெரிய மனிதர்களெல்லாம் மதிக்கும் ஸ்தானத்தை அடைந்தவர் அவர். யுத்தத்திலிருந்து திரும்பி வந்து, இனப் பிரச்னையைப் பற்றித் தகப்பனாருடைய கருத்துக்களையே மாற்றிவந்த அவருடைய மகன், சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது 1949-இல் மோட்டார் விபத்தில் இறந்து போனான். தீர்ப்பு வெளியான பிறகு ஊரார் சிலர் அந்தப் பிள்ளையின் கல்லறையில் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். பழைய நண்பர்கள் பலர் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஜான்ஸனுடைய தாயார் வீட்டில் சில ஆண்டுகளுக்குப் பின் வெடிகுண்டு வெடித்தது. வாஷிங்டனில் பளிங்குத் தூண்களுக்குப் பின்னால் இருந்த ஒன்பது பேரைத் திட்டியவர்கள் லட்சக்கணக்கானவர்கள். ஆனால் அந்த ஒன்பது பேரில் எவரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்மைத் திட்டியவர்களோடு ஒரே கோயில் பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கவில்லை. பிரதேச நீதிமன்றம் என்ற ஏற்பாட்டின் சாரமே இதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது: சட்டத்தைச் சொல்வது ஓரிடம், அதற்கு விலை கொடுப்பது வேறோரிடம்.

மாண்ட்கமரியிலிருந்து பஸ்ஸில் அட்லாண்டாவுக்குப் போனேன். வழிநெடுகப் பைன் மரக் காடு. அதைப் பற்றி எழுத அதிகமில்லை. அட்லாண்டாவில், 1910-இல் கட்டி முடித்த பழைய தபாலாபீஸ் கட்டடம் ஒன்று, ரீவ்ஸோடு அதே கோர்ட்டில் இருந்த எல்பர்ட் டட்டிலின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கலிபோர்னியாவில் 1897-இல் பிறந்து, ஹவாய்த் தீவில் வளர்ந்து, பின்னர் தெற்கே வந்து குடியேறியவர் டட்டில். ஆகையால் பிறவித் தென்னாட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. 1931-இல், அவர் நேஷனல் கார்ட் என்னும் ராஜ்யப் படையில் அதிகாரியாக இருந்தபோது, ஜான் டௌனர் என்ற கறுப்பின வாலிபனைச் சிறையிலிருந்து இழுத்து அடித்துக் கொல்ல எல்பர்ட்டன் என்ற ஊரில் ஒரு கும்பல் கூடியிருப்பதாகச் செய்தி வந்து, அதைத் தடுக்கப் படையோடு போனார். கும்பலிடமிருந்து தப்பியவனைச் சில மணி நேரத்தில் ஒப்புக்கு விசாரித்து மரண தண்டனை விதித்துவிட்டார்கள். அந்த விசாரணை விசாரணையே அல்ல என்று வக்கீலாக வாதாடி, பிற்காலத்தில் தாமே தலைமை வகிக்கப் போகிற ஐந்தாவது சர்க்யூட்டில் ஜயித்தவர் டட்டில்தான். மறு விசாரணையிலும் ஜூரிகள் அதே முடிவுக்கு வந்து, டௌனரை மின்சார நாற்காலியில் உட்கார வைத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மேல்முறையீட்டில் கிடைக்கிற வெற்றிக்குள்ள எல்லை அது.

1963-ஆம் ஆண்டு மே மாதம் நடந்த ஒரு சம்பவத்தைக் கொண்டே டட்டிலின் சுபாவத்தை அறிந்துகொண்டுவிடலாம். பர்மிங்ஹாம் நகரத்தில் ஊர்வலம் போன குற்றத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பினப் பிள்ளைகளைப் பள்ளி அதிகாரிகள் நீக்கிவிட்டார்கள். பரீட்சை முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. அவ்வூர் ஜில்லா நியாயாதிபதி தலையிட மறுத்தார். வக்கீல் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லி அன்றைக்கே விமானமேறி அட்லாண்டாவுக்கு வந்தார். டட்டில் அன்று மாலையே இரு தரப்பையும் கேட்டு, பிள்ளைகளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவிட்டார். காலையில் மறுத்ததை மாலையில் மேல்கோர்ட்டு மாற்றுவதென்பது நம் ஊர் வக்கீல்களுக்குப் புராணக் கதை போலத் தோன்றக்கூடும்.

அட்லாண்டாவிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்குப் போகும் 'கிரெஸண்ட்' ரயில் காலையில் புறப்பட்டு இரவு போய்ச் சேர்கிறது. விமானத்தில் போனால் அரை நாளும் ஆகாது. ஆனால் ஐந்தாவது சர்க்யூட்டின் பழைய தேசப்படத்தை அந்த ரயில் தன் பாதையாலேயே வரைந்து காட்டுகிறது. முதலில் ஆனிஸ்டன், 1961-இல் சுதந்திரப் பிரயாணிகள் வந்த பஸ்ஸை இந்த ஊருக்கு வெளியேதான் தீ வைத்துக் கொளுத்தினார்கள். அடுத்து பர்மிங்ஹாம், இரும்பு உலைகளின் துருப்பிடித்த புகைபோக்கிகள் ஜன்னலுக்கு வெளியே நிற்கின்றன. பிற்பகலில் மிஸிஸிப்பி ராஜ்யத்தின் மெரிடியன். இங்கே ரயில் சற்று நின்றது. பிளாட்பாரத்தில் இறங்கி உலாவினேன். சின்னஞ்சிறு ஊர், வெயிலில் சாய்வு நாற்காலியில் தூங்கும் கிழவரைப் போலிருந்தது.

மெரிடியன் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கேமரனுடைய ஊர். அவரும் ஐந்தாவது சர்க்யூட் நியாயாதிபதிதான். டட்டிலைப் போலவே ஜனாதிபதி ஐசன்ஹோவர் நியமித்தவர்தான். பிறந்த மண்ணின் ஆசாரத்தைக் காப்பதே தர்மம் என்று மனப்பூர்வமாக நம்பியவர். 1962-ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவனை மிஸிஸிப்பி சர்வகலாசாலை சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஐந்தாவது சர்க்யூட் தீர்ப்பளித்தபோது, அந்த வழக்கைக் கேட்ட மன்றத்தில் இல்லாத கேமரன் அதை நிறுத்திவைத்து ஸ்டே கொடுத்தார். மன்றத்தார் அதை ரத்துச் செய்தார்கள். அவர் மீண்டும் கொடுத்தார். மீண்டும் ரத்துச் செய்தார்கள். இப்படி நான்கு தடவை. கடைசியில் சுப்ரீம் கோர்ட்டின் ஹியூகோ பிளாக், அவரும் அலபாமாக்காரர்தான், செப்டம்பரில் தலையிட்டு அந்த ஸ்டேக்களை விலக்கினார். கவர்னர் ராஸ் பார்னெட் அப்போதும் வழிமறிக்கவே, ஐந்தாவது சர்க்யூட் நியாயாதிபதிகள் நியூ ஆர்லியன்ஸில் கூடி, கோர்ட்டை அவமதித்த குற்றத்துக்குக் கீழ்ப்படியாத ஒவ்வொரு நாளுக்கும் பத்தாயிரம் டாலர் அபராதம் என்று அவருக்கு விதித்தார்கள். அக்டோபர் முதல் தேதி மெரிடித் கல்லூரியில் சேர்ந்தார். அதற்கு முந்தின இரவின் கலகத்தில் இருவர் மாண்டார்கள்.

மறு ஆண்டு, இன்னொரு வழக்கில், கேமரன் எழுதிய மாறுபட்ட தீர்ப்பொன்றில், இந்தக் கோர்ட்டை நான்கு பேர் கைப்பற்றிக்கொண்டுவிட்டார்கள், வழக்குகள் அவர்கள் கைக்கே போகும்படி மன்றங்களை அமைக்கிறார்கள் என்று குற்றம் சாட்டி, அந்த நான்கு பேருக்கும் 'நால்வர்' என்றே நாமகரணம் செய்தார். டட்டில், ரீவ்ஸ், ஜான் பிரௌன், ஜான் மைனர் விஸ்டம் ஆகிய அந்த நால்வரின் புகழெல்லாம் இன்று, வைதாரால் வாய்த்த அந்தப் பெயரிலேயே வழங்குகிறது. ரீவ்ஸ் ஒருவர்தான் டெமாக்ரடிக் கட்சிக்காரர். மற்ற மூவரும் ரிபப்ளிகன்கள். கேமரனுடைய குற்றச்சாட்டில் துளியும் உண்மையில்லை என்று நான் சாதிக்கமாட்டேன். அந்த நாட்களில் மன்றங்களின் அமைப்பை உற்றுப் பார்த்தால், சந்தேகிக்க இடமிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். எனினும் மனச்சாட்சிக்கு விரோதமின்றி அவர் செய்த நிறுத்திவைப்புகளுக்கும், அவர்கள் செய்த அவசர உத்தரவுகளுக்கும் உள்ள வித்தியாசத்தை, பள்ளிக்கூட வாசலில் காத்து நின்றவர்களைக் கேட்டால் சொல்லியிருப்பார்கள்.

இருட்டிய பிறகு ரயில் பாண்ட்சர்ட்ரைன் ஏரியின் மேல் ஏறத்தாழ ஆறு மைல் நீளமுள்ள பாலத்தில் ஊர்ந்து, நியூ ஆர்லியன்ஸை அடைந்தது.

மறுநாள் லஃபாயட் சதுக்கத்துக்குப் போனேன். சதுக்கத்தின் ஒரு பக்கத்தில், செயின்ட் சார்லஸ் அவென்யூவின் மேல், பழைய நகர மண்டபமான காலியர் ஹால் கிரேக்கத் தூண்களோடு நிற்கிறது. எதிர்ப்பக்கத்தில், கேம்ப் தெருவில், ஐந்தாவது சர்க்யூட்டின் இருப்பிடம். 1915-இல் முடிந்த வெண்பளிங்குக் கட்டடம். இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத்து மாளிகைகளைப் பார்த்துக் கட்டியது. கூரையின் நான்கு மூலைகளிலும் செப்புப் பெண்கள் ஓர் உலக உருண்டையைச் சூழ்ந்து நிற்கிறார்கள். சரித்திரம், விவசாயம், கைத்தொழில், கலைகள் ஆகியவற்றைக் குறிப்பதாகச் சொல்கிறார்கள். நீதிதேவதை அந்தக் கூட்டத்தில் இல்லை. கட்டடம் முதலில் தபாலாபீஸாகவும் இருந்ததனால் அவளுக்கு இடம் கொடுக்கத் தோன்றவில்லை போலும்.

இந்தச் சதுக்கத்தில் 1898-ஆம் ஆண்டில் ஜான் மக்டோனா என்ற தனவந்தருக்குப் பள்ளிப் பிள்ளைகளின் காசைச் சேர்த்து ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். அடிமைகளை வைத்திருந்தவர், இறக்கும்போது தம் சொத்தை ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கு எழுதிவைத்தவர். ஆண்டுதோறும் மே மாதத்தில் பள்ளிப் பிள்ளைகள் வந்து அதற்கு மலர் சூட்டுவார்கள். வெள்ளைப் பிள்ளைகள் எல்லாரும் சூட்டி முடிக்கும்வரை கறுப்பினப் பிள்ளைகள் வெயிலில் காத்து நிற்க வேண்டியிருந்தது. 1954-ஆம் ஆண்டு மே 7-ஆம் தேதி, சுப்ரீம் கோர்ட்டின் பள்ளித் தீர்ப்புக்குப் பத்து நாள் முன்னதாக, கறுப்பினப் பெற்றோர்களும் ஆசிரியர்களும் பிள்ளைகளை அனுப்பாமல் அந்த விழாவைப் பகிஷ்கரித்தார்கள். 1965-இல் பெட்ஸி என்ற புயல், அவ்வூரில் கறுப்பின மக்களுக்கென ஏற்பட்ட முதல் அரசாங்க உயர்நிலைப் பள்ளியான மக்டோனா 35-ஆம் நம்பர்ப் பள்ளியைச் சிதைத்துவிட்டது. அப்போது நியாயாதிபதிகள் கேம்ப் தெருக் கட்டடத்தைக் காலி செய்துவிட்டு வேறிடம் போயிருந்தார்கள். ஆகவே பள்ளியை அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். சில ஆண்டுகள், பளிங்கு நடைக்கூடங்களில் அந்தப் பிள்ளைகள் படித்தார்கள். அவர்களைப் பற்றிய வழக்குகளோ வேறு கட்டடத்தில் நடந்துகொண்டிருந்தன.

அந்த வழக்குகளில் தலையாயதை எழுதியவர் விஸ்டம். 1966-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த ஜெபர்ஸன் கவுண்டித் தீர்ப்பில், பிரிவினையைத் தடை செய்தால் போதும், சேர்த்துவைக்கும் கடமை அரசுக்கில்லை என்று அதுவரை சொல்லிவந்த வாதத்தை அவர் தகர்த்தெறிந்தார். ஒரு திட்டம் நல்லதா கெட்டதா என்பதற்கு அது நடைமுறையில் பலிக்கிறதா என்பதுதான் சோதனை என்றார். பன்னிரண்டு ஆண்டுகளாகக் காகிதத்திலேயே இருந்த உரிமை, அதன் பிறகுதான் வகுப்பறைக்குள் வரத் தொடங்கியது. நால்வரில் எழுத்தாற்றல் மிக்கவர் விஸ்டம் என்பது பொதுவான அபிப்பிராயம். ஹூஸ்டனில் கப்பல் வழக்குகளில் பேர்போனவரான பிரௌனோ, கண்ணைப் பறிக்கும் உடைகளுக்கும், சலவை சோப்பு வழக்கொன்றில் இணங்கி எழுதிய தனித் தீர்ப்பைச் சிலேடைகளால் நிரப்பிய விளையாட்டுத்தனத்துக்கும் பேர்போனவர்.

விஸ்டம் 1905-இல் இதே நகரத்தின் பழம்பெரும் குடும்பமொன்றில் பிறந்தார். தகப்பனார், தென்னாட்டுப் படைத் தலைவரான ராபர்ட் லீ தலைவராக இருந்த கல்லூரியில் பயின்றவர். விஸ்டம் வசித்த வீட்டைப் பார்க்க டிராமில் ஏறினேன். வழியில், லீயின் சிலை நின்ற வட்டம் வருகிறது. 2017-இல் சிலையை இறக்கிவிட்டார்கள். தூண் மட்டும் இருக்கிறது. ஃபர்ஸ்ட் தெரு வீட்டின் முன் சிறு கூட்டமொன்று நின்றது. நியாயாதிபதிக்காக அல்ல, அவருக்குப் பின் அந்த வீட்டை வாங்கி, சூனியக்காரிகளைப் பற்றிய தம் நாவலை அதில் நடப்பதாகவே எழுதிய ஆன் ரைஸ் அம்மையாருக்காக. வழிகாட்டி பேய் பிசாசுகளைப் பற்றி விஸ்தாரமாகச் சொன்னார். விஸ்டம் காலத்தில் அவருடைய நாய்களுக்கு விஷம் வைத்ததையும், தோட்டத்துக்குள் விரியன் வகைச் சலங்கைப் பாம்புகளை வீசியதையும் அவர் சொல்லவில்லை. கற்பனைப் பயங்கரத்துக்கு டிக்கெட் விற்கிறது, மற்றதற்கு விற்காது.

அந்தப் பழைய ஆறு ராஜ்யக் கோர்ட்டு இன்றில்லை. அதை இரண்டாகப் பிளந்து நால்வரைப் பிரித்துவிட வேண்டுமென்று மிஸிஸிப்பி செனட்டர் ஈஸ்ட்லண்ட் போன்றவர்கள் அறுபதுகளிலேயே முயன்றபோது, விஸ்டம் கடுமையாக எதிர்த்தார். பின்னர் நியாயாதிபதிகளின் தொகை இருபத்தாறாகப் பெருகி, கோர்ட்டு முழுவதும் ஒருங்கே கூடினால் நாடாளுமன்றம் போலாகிவிடவே, 1981-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி பாகப்பிரிவினை நடந்தது. அலபாமாவும் ஜார்ஜியாவும் ஃப்ளோரிடாவும் அட்லாண்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட பதினோராவது சர்க்யூட்டாயின. பிரிந்துபோன கோர்ட்டு தன் முதல் காரியங்களில் ஒன்றாக, பிரிவினைக்கு முன் ஐந்தாவது சர்க்யூட் அளித்த தீர்ப்புகளெல்லாம் தன்னையும் கட்டுப்படுத்தும் என்று அறிவித்துக்கொண்டது.

நியூ ஆர்லியன்ஸில் மிஞ்சிய கோர்ட்டில் இன்று பதினேழு ஸ்தானங்கள். கட்டடத்துக்கு 1994-இல் விஸ்டத்தின் பெயரை வைத்தார்கள். அவர் உயிரோடிருந்தார், 1999 வரையில் இருந்தார். அந்தப் பெயருக்குக் கீழே நுழைகிற இன்றைய பெஞ்சு நாட்டிலேயே மிகவும் பழமைப் பற்றுள்ளதென்று பெயர் வாங்கியிருக்கிறது. 2024-இல் கருக்கலைப்பு மாத்திரை வழக்கில் அது சொன்னதை சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது பேரும் ஒருமுகமாக மாற்றினார்கள். நால்வரைப் போற்றுகிறவர்கள் இதைக் கண்டு மனம் வருந்துகிறார்கள். எனக்கும் அந்தத் தீர்ப்புகளில் பல உவப்பானவையல்ல. ஆனால் ரீவ்ஸை ஊராரின் கோபத்திலிருந்து காத்த அதே ஆயுட்பதவிதான் இவர்களையும் காக்கிறது; நமக்குப் பிடித்த நியாயாதிபதிக்கு மட்டும் பொருந்தும்படி அந்தக் கவசத்தை எவரும் செய்து தர முடியாது.

விசாரணையைப் பொதுமக்கள் யாரும் போய்க் கேட்கலாம். நான் போன அன்று புயல் சேதத்துக்கான இன்ஷூரன்ஸ் வழக்கொன்று நடந்தது. சாட்சியில்லை, ஜூரியில்லை, மூன்று நியாயாதிபதிகளும் இரண்டு வக்கீல்களும் மட்டும். ஒவ்வொரு தரப்புக்கும் இருபது நிமிஷம். வக்கீலின் மேஜையில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள். தாம் தயாரித்து வந்த பிரசங்கத்தின் முதல் வாக்கியத்தை முடிக்குமுன்பே அந்த மனிதரை ஒரு நியாயாதிபதி மறித்துவிட்டார். பிறகு சிவப்பு விளக்கு எரியும்வரை கேள்விகளைத் தவிர வேறொன்றும் இல்லை. வழக்குக் கட்டை முழுவதும் படித்துவிட்டு வந்து கேட்கப்பட்ட கேள்விகள் அவை. அந்தப் பழக்கம் மட்டும் குன்றவில்லை என்று தோன்றியது. தீர்ப்பு எப்போது வருமென்று பக்கத்திலிருந்த பெரியவரைக் கேட்டேன். இரண்டு மாதமும் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம் என்றவர், தாம் வந்தது அடுத்த வழக்குக்காக என்றும், அது ஒரு கைதியின் அப்பீல் என்றும், அவசரமில்லையென்றால் நானும் இருந்து கேட்கலாமென்றும் சொன்னார். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை, இருந்து கேட்டேன்.